ஒரு மணி நேரந்தான்!

சேலம் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் நடுவே நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். பயண நேரம் ஒரு மணி. இந்த இரண்டு எண்களும் எனக்குத் தெரிய வந்ததிலிருந்து, வீட்டில் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் தேய்ந்துகொண்டே வருகிறது.

நான் ஏற்காட்டுவாசி. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொஞ்சம் மிளகு, யாருக்கும் அடங்காத ஒரு பலாமரம். குடும்பத்தில் என் இலாகா கணக்கு. பணக் கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அது ஆரம்பத்திலிருந்தே மனைவியின் இலாகா. எனக்கு ஒதுக்கப்பட்டவை தூரமும் நேரமும். எத்தனை மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று சொல்வது என் பொறுப்பு. சொல்வேன். யாரும் காதில் வாங்க மாட்டார்கள். நான் சொன்ன நேரத்துக்கு நாங்கள் எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை என்பதால் அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

விமானம் என்பது எங்கள் ஊருக்கு வந்து வந்து போகிற விருந்தாளி. 1993இல் ஓமலூருக்குப் பக்கத்தில் கமலாபுரத்தில் விமான நிலையம் திறந்தார்கள். விமானம் வந்தது, நின்றது. 2009இல் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் நின்றது. 2018 மார்ச் 25ஆம் தேதி உடான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் வந்தது. சில ஆண்டுகள் ஓடிவிட்டு நின்றது. ஒவ்வொரு தடவையும் நான் கூடத்தில் நின்று, "இனிமே மெட்ராஸுக்கு நாம ஃப்ளைட்தான்" என்று அறிவிப்பேன். நான் தேதி பார்த்து, பெட்டிக்குப் பூட்டுத் தேடி எடுப்பதற்குள் கம்பெனி சேவையை நிறுத்திவிடும். என் அறிவிப்புக்கும் நிறுத்தத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது மனைவியின் ஆராய்ச்சி முடிவு. அதனால் 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூருக்கும் கொச்சிக்கும், இண்டிகோ சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கியபோது நான் வாயைத் திறக்கவில்லை. சென்னை விமானம் பிழைத்துக்கொண்டது.

பெரம்பூரில் இருக்கும் மகள் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. அப்போதுதான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏங்க, ரயில்லயே போயிடலாமே" என்றாள் மனைவி.

"ரயில் 334 கிலோமீட்டர் ஓடணும். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டைன்னு சுத்திக்கிட்டு வருது. ரோடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஃப்ளைட் 265தான். எழுபது கிலோமீட்டர் மிச்சம்!"

"அந்த எழுபதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு என் கணக்கில் இடமில்லை. நேராக மகனின் பழைய அட்லஸை எடுத்து வந்தேன். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரம் என்றால் உண்மையில் நேர்கோடு அல்ல. பூமி உருண்டை என்பதால், அந்த உருண்டையின் மேல் வரையக்கூடிய ஆகக் குறுகிய வளைவு. லண்டனிலிருந்து நியூயார்க் வரைக்கும் வரைந்தால் அந்த வளைவு வடக்கே கூன் போடுவது தெரியும். சேலம், சென்னை அளவுக்கு பூமி அவ்வளவாக வளைவதில்லை. பள்ளிக்கூட ஸ்கேல் போதும். ஸ்கேலை வைத்துப் பென்சிலால் இழுத்தேன். கோடு கமலாபுரத்தில் புறப்பட்டு வடகிழக்காக அரூர்ப் பக்கம் போய், திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் நடுவில் நுழைந்து, செய்யாற்றைத் தொட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கியது. அவ்வளவு அழகான கோடு. மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு ஆரம்ப இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இது என்னங்க?"

"சேர்வராயன் மலை."

"நம்ம மலை."

"ஆமா."

"கோடு நம்ம மலை மேலதான் போகுது."

மலையின் வடசரிவு மேல்தான் போயிற்று. நான் இதை எதிர்பார்க்கவில்லை. கமலாபுரம் எங்களுக்கு மேற்கே இருக்கிறது, சென்னை வடகிழக்கே. ஆகவே நாங்கள் முதலில் சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே இறங்கிப் போக வேண்டும். அங்கே எங்களை ஏற்றிக்கொண்டு விமானம் திரும்பி எங்கள் மலைக்கு மேலேயே வரும்.

"அப்ப நாம வாசல்லயே நின்னு கை காட்டினா நிறுத்த மாட்டாங்களா?" என்றாள். சமையலறைக்குள் போன பிறகும் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அட்லஸை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஏற்காட்டிலிருந்து கமலாபுரத்துக்கும் ஸ்கேலை வைத்தேன். நேராக 16 கிலோமீட்டர்! எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே. விமான நிலையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். காக்கை நினைத்தால் இறக்கையை விரித்துச் சும்மா சரிந்தே போய்விடலாம். மனிதன் அப்படிப் போக முடியாது. ஏற்காட்டிலிருந்து சேலம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகளோடு முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து பெங்களூர் ரோட்டில் கருப்பூர், சுங்கச்சாவடி, ஓமலூர்ப் பக்கம், கமலாபுரம். ஆக ஐம்பதை நெருங்கிவிடும். அந்தப் பதினாறை ஐம்பதாக்கியது யார் என்று கேட்டால் மலையைத்தான் கை காட்ட வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியோடு மேலே ஏறியபோது இந்த வளைவுகள்கூடக் கிடையாது. அவர் பிடிக்க வேண்டிய விமானமும் கிடையாது. நிம்மதியான மனிதர்.

ஒரு மணி நேரம் என்கிறார்களே, அதையும் பிரித்துப் பார்த்தேன். இந்தத் தடத்தில் ஓடுவது ஏடிஆர் என்ற விசிறி வைத்த விமானம். பிரான்சில் துலூஸ் நகரத்தில் செய்வது. மணிக்கு 500 கிலோமீட்டர் வாக்கில் போகும். 265ஐ 500ஆல் வகுத்தால் 32 நிமிடம். அப்புறம் ஏன் ஒரு மணி? விமானக் கம்பெனிகள் நேரத்தைக் கணக்கிடுவது தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து அல்ல. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து மறுபடி கட்டையை வைக்கிற நிமிடம் வரை. எங்கள் மலையில் லோடு லாரி நின்றால் கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பான் அல்லவா, அந்தக் கல்லை எடுப்பதிலிருந்து திரும்ப வைப்பது வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சென்னையில் வரிசையில் காத்திருந்து இறங்குவது, மறுபடி ஊர்வது எல்லாம் சேர்த்தால் ஒரு மணி. இதை எல்லாம் மைத்துனனுக்குப் போனில் விளக்கினேன்.

"மாமா, நான் ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல வந்துடுறேன்" என்றான்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டில் புறப்படும் ரயில். ஏற்காட்டுக்கு அது வந்ததில்லை, வரவும் முடியாது. ராத்திரி சேலத்தில் ஏறிப் படுத்தால் விடியுமுன் சென்னை. "ராத்திரி முழுக்க வீணாகுமேடா" என்றேன். "தூங்கத்தானே போறேன் மாமா, அதை எங்க தூங்கினா என்ன?" என்றான். சிலருக்கு முன்னேற்றத்தில் நாட்டமே இருப்பதில்லை.

அடுத்தது மூட்டை. ரயிலில் போகிறவரை எங்கள் வீட்டில் எடை என்ற பேச்சே எழுந்ததில்லை. ஒருவர் தூக்க முடிந்தால் ஒரு மூட்டை, இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தால் அது பெரிய மூட்டை. விமானத்தில் ஆளுக்கு 15 கிலோ, கையில் ஏழு கிலோ. நான் காபிக்கொட்டை நிறுக்கும் தராசைத் துடைத்துக் கூடத்தில் வைத்தேன். காபித் தூள், மிளகு, மலை வாழைப்பழம், பட்டர் ஃப்ரூட், எலுமிச்சை ஊறுகாய், மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று ஒரு பலாப்பழம். பலாப்பழத்தைத் தராசில் வைத்தோம். அது ஒன்றே ஒரு பயணியின் பங்கைத் தின்றுவிட்டது.

"ஒண்ணு பலாப்பழம் வரணும், இல்லாட்டி உங்க துணிமணி வரணும்" என்றாள்.

நான் யோசித்தேன். அவள் யோசிக்கவில்லை. கடைசியில் பலாப்பழம் மைத்துனனோடு ஏற்காடு எக்ஸ்பிரஸில் போவது என்று முடிவாயிற்று. ரயில்வே அதனிடம் எந்தக் கேள்வியும் கேட்காது. ஊறுகாயைக் கைப்பையில் வைக்கக் கூடாது என்று நான் படித்து வைத்திருந்ததால் அது பெட்டிக்குள் போயிற்று. பெட்டிக்குள் போன ஊறுகாய் என் வேட்டியோடு என்ன பேசிக்கொண்டது என்பதைப் பெரம்பூரில்தான் பார்த்தோம்.

கிளம்பும் நாள். கவுண்டரை விமானம் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். ஆகையால் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது விவேகம். வளைவில் லாரி மாட்டிக்கொண்டால்? அதற்கு ஒரு அரை மணி. சுற்றுலாப் பேருந்து எதிரே வந்து ஒதுங்க இடமில்லாமல் நின்றால்? இன்னொரு அரை மணி. பனிமூட்டம்? கால் மணி. டிரைவர் அடிவாரத்தில் டீ குடிப்பார். பத்து நிமிடம். இப்படி ஒரு மணி நேரப் பயணத்தைப் பாதுகாக்க நான் எழுப்பிய கோட்டை பெரிதாகி, விடிவதற்கு வெகு நேரம் முன்னாலேயே அலாரம் அடித்தது. பக்கத்து எஸ்டேட்டில் நாய்கள்கூட எழுந்திருக்கவில்லை.

உடான் திட்டம் வந்தபோது, ஹவாய் செருப்புப் போடுகிறவரும் விமானத்தில் போக வேண்டும் என்று சொன்னார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்குக் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு 2,500 ரூபாய் என்று கட்டணத்துக்கு வரம்பும் வைத்தார்கள். நான் இவ்வளவு பெரிய சலுகையை அவமதிக்க மனமில்லாமல் ஷூ போட்டுக்கொண்டேன். மகன் கல்யாணத்துக்கு வாங்கியது. இருபதாவது வளைவு வருவதற்குள் அது கடித்தது.

லாரி மாட்டவில்லை. பேருந்து வரவில்லை. பனியும் இல்லை. டிரைவர்கூட டீ வேண்டாம் என்றுவிட்டார். என் கோட்டையைத் தாக்க ஒருவரும் வராததால் நாங்கள் கமலாபுரம் போனபோது வாசல் காவலரைத் தவிர யாருமில்லை. அவர் டிக்கெட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என் ஷூவைப் பார்த்தார்.

"எந்த ஃப்ளைட்டுக்குங்க ஐயா?"

சொன்னேன்.

"இன்னைக்கி ஃப்ளைட்டுக்கா?" என்றார் மரியாதையாக.

மனைவி பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். "நாம வீட்டை விட்டுக் கிளம்பின நேரத்துக்கு ஸ்டேஷன் போயிருந்தா இந்நேரம் காட்பாடி தாண்டியிருப்போம்" என்றாள். கணக்கு என் இலாகா என்பதை அவள் அவ்வப்போது மறந்துவிடுவாள். மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனாலும் அதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்குவது வால் பக்கத்துக் கதவு வழியாக. முன்பக்கம் சாமான்களுக்கு. இது தெரிந்தவர்கள் பின்வரிசை கேட்டு வாங்குகிறார்கள். பெருமை தெரிந்தவர்கள் முதல் வரிசை கேட்டு, அதற்குத் தனியாகப் பணமும் கட்டுகிறார்கள். நான் பெருமை தெரிந்தவன். எழுபதுக்கும் மேற்பட்ட இருக்கைகளைத் தாண்டி, பெட்டிகளில் முட்டி, முழங்கால்களில் இடித்து, மனைவி பின்னால் வர நான் முதல் வரிசைக்கு நடந்தேன். இறங்கும்போது அத்தனை பேரும் எங்களுக்கு முன்னால் இறங்கினார்கள். "பணம் கட்டிக் கடைசியா இறங்கறது நாம மட்டுந்தான்" என்று அவள் சொன்னபோது பணிப்பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் பறந்த நேரத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஏடிஆருக்கு இறக்கை மேலே இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே எதுவும் மறைக்காது. மேக்னசைட் சுரங்கங்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. அடுத்து எங்கள் மலை. "ஏங்க, நம்ம வீடு!" என்றாள். ஒரு பச்சைத் திட்டைக் காட்டினாள். அது நாகலூர்ப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும், நான் தலையாட்டினேன். ஒன்றரை மணி நேரம் குலுங்கிக் குலுங்கி இறங்கிய மலை, ஷூவின் முடிச்சை நான் தளர்த்தி முடிப்பதற்குள் பின்னால் போய்விட்டது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுக்கு ஒரு விமானம் போகிறது. தூரம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை; நேரம் இரண்டு நிமிடம். காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே போய்விடும். கமலாபுரத்துக்கும் ஏற்காட்டுக்கும் அப்படி ஒன்று விடலாமே என்று மனைவியிடம் சொன்னேன். "எங்க இறக்குவாங்க, ஏரியிலயா?" என்றாள்.

மீனம்பாக்கத்தில் பெட்டி வரும் பட்டையின் அருகே நின்றோம். எல்லார் பெட்டியும் வந்தது. எங்களுடையதும் வந்தது, ஊறுகாய் வாசனை முன்னால் வர. அங்கிருந்து பெரம்பூர். விமான நிலையம் சென்னையின் தெற்குக் கோடி, பெரம்பூர் வடக்கே. அரக்கோணம் வழி வரும் ரயில்களோ பெரம்பூரைத் தாண்டித்தான் சென்ட்ரலுக்கே போகின்றன. கத்திப்பாராவில் நெரிசல், கோயம்பேட்டில் சிக்னல், அதற்குப் பிறகு சிக்னல் இல்லாத இடங்களிலும் நின்றோம். அரூரையும் செய்யாற்றையும் தாண்டிய நேரத்தைவிட அண்ணா நகரைத் தாண்டிய நேரம் அதிகம்.

மகள் வீட்டு வாசலில் மைத்துனன் குளித்து, டிபன் சாப்பிட்டு, மேல்துண்டோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். உள்ளே பலாப்பழம் வெட்டியாகியிருந்தது. "வாங்க மாமா, ஃப்ளைட்டெல்லாம் சௌகரியமா?" என்றான். சுளை ஒன்றை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பேரனின் நோட்டில் மொத்தக் கணக்கையும் எழுதிப் பார்த்தேன். காரிலேயே நேராக வந்திருந்தால் ஏழு மணி நேரம். 2023 ஏப்ரலிலிருந்து ஓடும் கோயம்புத்தூர் வந்தே பாரத் சேலத்திலிருந்து சென்ட்ரலுக்கு நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. மலை இறங்குவதையும் பெரம்பூர் ஆட்டோவையும் சேர்த்தாலும் ஆறேகால், ஆறரை. விமானத்தில் வாசலுக்கு வாசல் பார்த்தால், என் கோட்டை கொத்தளங்களையும் சேர்த்து, எட்டு மணி நேரத்துக்கும் மேலே. அந்த எட்டில் ஒரே ஒரு மணி நேரந்தான் விமானத்துக்குச் சொந்தம். மீதியெல்லாம் எனக்குச் சொந்தம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் சொன்ன நேரப்படி நடந்ததற்குக் காரணமும் புரிந்தது: அதில் என் பொறுப்பு என்று எதுவும் இல்லை, பெல்ட்டைப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இனிமேல் உண்மையைத்தான் பேசுவது என்று தீர்மானம்.

மறுநாள் காதுகுத்துக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சம்பந்தியம்மா காஞ்சிப் பட்டில் வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மலையிலேர்ந்து வரணுமே, ரொம்ப அலைச்சலா இருந்திருக்குமே? எவ்வளவு நேரம் ஆச்சு சம்பந்தி?"

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். எனக்கு முன்னால் மனைவி பேசிவிட்டாள்.

"அதெல்லாம் ஒரு அலைச்சலும் இல்லைங்க. ஃப்ளைட்லதான வந்தோம். ஏறினோம், இறங்கினோம். ஒரு மணி நேரந்தான்!"

"அட!" என்றார் சம்பந்தியம்மா. பக்கத்திலிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேலேர்ந்து எங்க வீடுகூடத் தெரிஞ்சுது. முதல் வரிசை எங்களுக்கு" என்றாள்.

நான் தொண்டையைக் கனைத்தேன். "அதாவது, வாசலுக்கு வாசல் பார்த்தா..."

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்குக் கணக்கே வராது" என்றாள்.